பிளாஸ்டிக் கூரை ஷீட்டை மிஷின்ல பிசிறில்லாம வெட்டறது எப்படி: அடிக்கடி கேக்கற கேள்விகள்

கூரை ஷீட் வெட்டப்போற எல்லாரும் முதல்ல கேக்கறது "எந்த மிஷின் வாங்கலாம்"னுதான். ஷெட், மாடிக் கூரைன்னு ஷீட்டோட மல்லுக்கட்டினதுல எனக்குப் புரிஞ்சது வேற. ஷீட்டுக்கு அடியில என்ன முட்டு குடுத்திருக்கீங்கன்னுதான் முதல்ல பாக்கணும், அடுத்தது பிளேடு, மிஷின் அதுக்கும் அப்புறம்தான். ஏன்னா ஷீட் கெட்டுப்போறது ரெண்டே வழியில, ஒண்ணு அதிர்ந்து வெடிக்கும், இல்லன்னா சூடாகி உருகும். கீழ இருக்கற கேள்வி எல்லாமே சுத்திச்சுத்தி இந்த ரெண்டுலதான் வந்து நிக்குது.

என்கிட்ட இருக்கறது என்ன ஷீட்னே தெரியல, எப்படி கண்டுபிடிக்கறது?

ஓரத்துல ஒரு சின்ன துண்டு வெட்டி எடுத்து கண்ணாடி போட்டுக்கிட்டு மடக்கிப் பாருங்க. எவ்வளவு மடக்கினாலும் உடையாம வளைஞ்சுக்கிட்டே போனா பாலிகார்பனேட். மடக்கின இடம் வெள்ளையா வெளுத்துப் போச்சுன்னா பெரும்பாலும் பிவிசி. படக்குனு கண்ணாடி மாதிரி ஒடிஞ்சா அக்ரிலிக். ஒடிஞ்ச இடத்துல நூல் நூலா முடி மாதிரி தெரிஞ்சா அது ஃபைபர் ஷீட், கண்ணாடி இழைய ரெசின்ல போட்டு பண்ணது. சிலர் நெருப்பு வெச்சு பாக்கச் சொல்வாங்க, வேண்டாம், பிவிசி எரிஞ்சா ஹைட்ரஜன் குளோரைடு வரும், மூக்கு தொண்டையெல்லாம் எரியும்.

இது ஏன் தெரியணும்னா, பிவிசி கிட்டத்தட்ட 80 டிகிரிலயே தளர ஆரம்பிச்சிடும், அக்ரிலிக் 105 வாக்குல, பாலிகார்பனேட் 147 வரைக்கும் தாங்கும். பிளேடு உரசற இடத்துல 80 டிகிரிங்கறது சாதாரணம், கண்ண மூடி திறக்கறதுக்குள்ள ஏறிடும். அதனால பாலிகார்பனேட்ல நல்லா வந்த அதே பிளேடு பிவிசில சவ்வு மாதிரி இழுக்கும். ஃபைபர் இந்த கணக்குலயே வராது, அது உருகவே உருகாது, சூடு ஏறினா கருகும்.

கிரைண்டர் மட்டும்தான் இருக்கு, அதுல வெட்டலாமா?

ஃபைபர் ஷீட்னா தாராளமா. மத்ததுக்கு, வேற வழியே இல்லன்னாதான்.

காரணத்த சொல்லிடறேன், ஏன்னா நிறைய பேர் கிரைண்டர் ரொம்ப வேகமா சுத்தறதாலதான் உருகுதுன்னு நினைக்கறாங்க. 4 இன்ச் கிரைண்டர் நிமிஷத்துக்கு 11,000 சுத்து சுத்தினா வீலோட ஓரம் வினாடிக்கு 58 மீட்டர் வேகத்துல போகுது. ஏழேகால் இன்ச் சர்குலர் சா, அதாவது வட்ட பிளேடு ரம்பம், 5,000 சுத்து சுத்தினா அதோட பல்லு 48 மீட்டர் வேகத்துல போகுது. பெரிய வித்தியாசம் இல்ல பாருங்க. வித்தியாசம் எங்கன்னா, சா பிளேடோட பல்லு ஒவ்வொண்ணும் ஷீட்டுலேர்ந்து ஒரு சின்ன செதிலை பேத்து வெளிய தூக்கிப்போடுது, அந்த செதிலோட சூடும் சேர்ந்து போயிடுது. கட்டிங் வீலுக்கு பல்லு கிடையாது, உரசித்தான் வெட்டணும், உரசின சூடு முழுக்க ஷீட்டுலயே தங்கிடும்.

கிரைண்டர்தான்னு ஆயிடுச்சுன்னா 1 மிமீ வீல் போடுங்க, தடிமனான வீல் வேண்டவே வேண்டாம். அழுத்தாம மேல தடவற மாதிரி ஒரு கை அளவு வெட்டுங்க, எடுத்துடுங்க, ஆறட்டும், மறுபடி. வெட்டினதுக்கப்புறம் ஓரத்துல மெழுகு வழிஞ்ச மாதிரி ஒரு பிசிறு நிக்கும், அது ஆறினதும் கையால உடைச்சாலே பாதி வந்துடும், மீதிய சுரண்டணும். கிரைண்டர்ல மரம் வெட்டற பல்லு பிளேடு மாட்டி வெட்டறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு அத மட்டும் பண்ணாதீங்க. பல்லு ஷீட்டுல மாட்டினா மிஷின் எங்க எகிறும்னு சொல்லவே முடியாது, கிரைண்டர்ல வீலை மூடியிருக்கற தடுப்பு (கார்டு) அந்த மாதிரி பிளேடுக்காக பண்ணதும் இல்ல.

அப்ப எந்த மிஷின் நல்லது?

நீளமா நேரா வெட்டணும்னா சர்குலர் சா. வளைவு, மூலை, பைப் சுத்தி வெட்டறதுக்கு ஜிக்சா, மெல்லிசு பிளேடு மேலயும் கீழயும் ஆடற ரம்பம். இந்த ரெண்டு இருந்தா போதும்.

சர்குலர் சாவுக்கு பிளேடுல பல்லு எண்ணிக்கை பாத்து வாங்குங்க. ஏழேகால் இன்ச்ல (184 மிமீ) 60 பல்லோ அதுக்கு மேலயோ. கூட வர்ற 24 பல்லு பிளேடு மரச்சட்டம் அறுக்கறதுக்கு, அத ஷீட்டுல வெச்சீங்கன்னா கொத்திக் கொத்தி எடுத்துடும். 4 இன்ச் மார்பிள் கட்டர்ல 40 பல்லு மர பிளேடு மாட்டி வெட்டறதும் நடக்குது, மெல்லிசு ஷீட்டுக்கு ஓடும், ஆனா அந்த மிஷின் 10,000 சுத்துக்கு மேல போகும், அதனால பிளேடு மேல அச்சடிச்சிருக்கற அதிகபட்ச சுத்து உங்க மிஷினோடத விட கூட இருக்கான்னு படிச்சுட்டு மாட்டுங்க.

இன்னொண்ணு, பல்லு மழுங்கின பிளேடு இங்க செல்லாது. மரத்துல மழுங்கின பிளேடு கொஞ்சம் புகையோட வெட்டிடும், பிளாஸ்டிக்ல வெட்டாது, உருக்கிக்கிட்டே போகும். ஷீட்டுக்குன்னு ஒரு பிளேடு தனியா வெச்சுக்கறது நல்லது.

பிளேடை திருப்பி மாட்டச் சொல்றாங்களே, நிஜமாவா?

நிஜம்தான். முதல் தடவ கேட்டப்ப எனக்கும் சிரிப்புதான் வந்துச்சு. மெல்லிசான நெளி ஷீட்டுக்கு, ஒரு மிமீ, ஒன்றரை மிமீ மாதிரி, பிளைவுட் வெட்டற பொடிப்பல்லு ஸ்டீல் பிளேடை தலைகீழா மாட்டி வெட்டறது ரொம்ப நாளா இருக்கற முறை, ஷீட் கம்பெனிங்களே சொல்றதுதான். மிஷின் அதே திசையிலதான் சுத்தும், பல்லோட முன்பக்கம் கொக்கி மாதிரி கொத்தறதுக்குப் பதிலா முதுகுப்பக்கம் சுரண்டிக்கிட்டு போகும். மெல்லிசு ஷீட் வெடிக்கறதே அந்த கொக்கி ஷீட்டை பிடிச்சு மேல தூக்கறதாலதான், கொக்கி இல்லன்னா தூக்கறதும் இல்ல.

ஆனா ரெண்டு விஷயம். பல்லு முனையில கார்பைடுங்கற ரொம்ப கெட்டியான துண்டு ஒட்டின பிளேடை நான் திருப்பி மாட்ட மாட்டேன், அந்தத் துண்டு ஒரு பக்கத்துலேர்ந்து வர்ற அடிய தாங்கறதுக்குன்னு ஒட்டினது, முதுகுல அடி வாங்கினா தெறிக்கலாம். சாதா ஸ்டீல் பிளேடுல மட்டும் பண்ணுங்க. ரெண்டாவது, திருப்பின பிளேடோட மறந்துபோய் மரம் வெட்டப் போயிடாதீங்க. நான் வேலை முடிஞ்ச உடனே பிளக்கை பிடுங்கிட்டு பிளேடை கழட்டிடுவேன்.

நெளி ஷீட்டை குறுக்கே வெட்டும்போது எப்பவும் கடைசில வெடிக்குது. என்ன பண்றேன் தப்பா?

பிளேடு மேல தப்பு இல்ல, பெரும்பாலும் முட்டுதான் சரியில்ல. என் கதைய சொல்றேன். முதல் ஷீட்டு, 10 அடி நீளம், ரெண்டு ஸ்டூல் மேல வெச்சு கோடு போட்டு அழகா வெட்டிக்கிட்டே வந்தேன், இன்னும் மூணு இன்ச்தான் பாக்கி. வெட்டின பக்கம் தன் கனத்துல கீழ தொங்குச்சு, வெட்டாத அந்த மூணு இன்ச்தான் மொத்த பாரத்தையும் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு, சடக்குனு ஒரு சத்தம், விரிசல் கோட்ட விட்டுட்டு ஷீட்டுக்குள்ள ஒரு ஜாண் ஓடிப்போச்சு. வேண்டாத துண்டுல ஓடியிருந்தா பரவால்ல, வேணுங்கற துண்டுலதான் ஓடுச்சு.

அதனால வெட்டற கோட்டுக்கு ரெண்டு பக்கமும், கோட்டுலேர்ந்து ரெண்டு மூணு இன்ச்சுக்குள்ளயே, ஷீட்டோட முழு அகலத்துக்கும் முட்டு வேணும். விழப்போற துண்டுக்கும் வேணும், அதத்தான் எல்லாரும் மறக்கறாங்க. தரையில நாலு மரச்சட்டத்த பரப்பி அதுமேல ஷீட்டை போடறது ஸ்டூல விட ஆயிரம் மடங்கு மேல், பிளேடு தரைய தொடாத அளவுக்கு சட்டம் உயரமா இருந்தா சரி.

நெளி ஷீட்ல இன்னொரு தொல்லை, பள்ளம் மட்டும்தான் சட்டத்துல உக்காரும், மேடெல்லாம் அந்தரத்துல நிக்கும். மிஷின் மேட்டு மேல போகும்போது அது அமுங்கி அமுங்கி எழும்பும், அந்த ஆட்டத்துலதான் ஓரம் பல்லு பல்லா பேந்து வருது. அதே நெளி உள்ள ஒரு பழைய ஷீட் துண்டை அடியில வெச்சுடுங்க, மேட்டுக்கு மேடா சரியா பொருந்திக்கும். நெளிக்கு ஏத்த ஃபோம் பட்டை வரும், ஓரத்தை அடைக்கறதுக்கு விக்கறது, அதையும் கோட்டுக்கு அடியில வைக்கலாம், வெட்டுப்பட்டாலும் நஷ்டமில்ல.

ஷீட்டுக்கு மேல ஒரு மெல்லிசு பிளைவுட் போட்டு கிளாம்ப் பண்ணிட்டு, பிளைவுட் மேலயே, அதோட ஓரத்த ஒட்டி மிஷினோட அடித்தட்டை ஓட்டினீங்கன்னா மேடு பள்ளமே தெரியாம வழுக்கிக்கிட்டு போகும். இல்ல, பிளைவுட்டையும் சேர்த்தே வெட்டிடுவேன்னாலும் சரி, வெட்டு இன்னும் சுத்தமா வரும், அப்ப பிளேடை நேரா மாட்டுங்க. பிளேடு ஆழம் நெளியோட உயரம், அதுக்கு மேல ஒரு 6 மிமீ. நெளி 18 மிமீ உயரம்னா 24. மேல பிளைவுட் இருந்தா அதோட கனத்தையும் கூட்டிக்கணும். ஆழம் ரொம்ப குடுத்தா பிளேடு ஷீட்டை செங்குத்தா குத்தும், குறைச்சு குடுத்தா பள்ளத்துல வெட்டாம விட்டுடும், அப்புறம் ஒடிச்சு எடுக்கணும்னு தோணும், ஒடிச்சா போச்சு.

மிஷினை ஆன் பண்ணி முழு வேகத்துக்கு வந்தப்புறம்தான் ஷீட்டை தொடணும். கடைசி ஒரு ஜாண்ல தள்ளற வேகத்த பாதியாக்குங்க. பக்கத்துல ஆள் இருந்தா வெட்டின துண்டை பிடிக்கச் சொல்லுங்க, தூக்கச் சொல்லாதீங்க, தூக்கினா வெட்டு மூடிக்கிட்டு பிளேடை கவ்வும்.

ஒரே தடவைல நாலஞ்சு ஷீட்டை அடுக்கி வெட்டலாமா?

நெளி ஷீட்டை மூணு நாலு வரைக்கும் ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கலாம், ஒண்ணுக்கொண்ணு முட்டா இருக்கறதால வெட்டு நல்லாவே வரும். அதுக்கு மேல போனா நடுவுல இருக்கற ஷீட்டுக்கு சூடு வெளிய போக வழியில்லாம ஓரங்கள் ஒட்டிக்கும், பிவிசில இது ரொம்ப. அப்புறம் பிரிச்சு எடுக்கறதுக்குள்ள உசுரு போயிடும்.

நெடுக்கே, அதாவது நெளியோட போக்குலயே வெட்டணும்னா?

இது குறுக்கே வெட்டறத விட சுலபம். எங்க வெட்டறதுன்னுதான் யோசிக்கணும். அடுத்த ஷீட்டு மேல ஏறி உக்காரப்போற ஓரமா இருந்தா மேட்டத் தாண்டி இறங்கற சரிவுல வெட்டுங்க, மேடு முழுசா இருந்தாதான் மேல ஏறினது மூடும். பள்ளத்துல வெட்டி அதயே மேல ஏத்தினீங்கன்னா தண்ணி நேரா அந்த சந்துக்குத்தான் போகும். சரிவுல வெட்டும்போது மிஷின் ஒரு பக்கமா சாயும், அதுக்கு பக்கத்துல இருக்கற ரெண்டு மேட்டு மேலயும் ஒரு பலகைய வெச்சு அதுமேல ஓட்டுங்க.

வெட்டிக்கிட்டே போகும்போது பின்னாடியே மறுபடி ஒட்டிக்குது. சிரிக்காதீங்க, நிஜமா.

சிரிக்கல, எல்லாருக்கும் நடக்கும். உருகின பிளாஸ்டிக் வெட்டின சந்துல வழிஞ்சு ஆறி கெட்டியாயிடுது, வெல்டிங் பண்ண மாதிரி.

தூள பாருங்க, அதுவே சொல்லிடும். செதில் செதிலா, கையில எடுத்தா சூடில்லாம உதிர்ந்தா எல்லாம் சரியா போகுது. நூல் நூலா, சுருள் சுருளா வந்து பிளேடுல சுத்திக்கிச்சுன்னா உருகுது. உருகினா பயந்துபோய் இன்னும் மெதுவா தள்ளுவோம், அதுதான் தப்பு. ஒரே இடத்துல பல்லு நிறைய நேரம் உரச உரச சூடுதான் ஏறும். மிஷின்ல வேகம் குறைக்கற சக்கரம் இருந்தா சுத்தற வேகத்த குறைங்க, தள்ளற வேகத்த கொஞ்சம் கூட்டுங்க. அதுலயும் சரியாகலன்னா பல்லு மழுங்கியிருக்கும் இல்ல பல்லுல பழைய பிளாஸ்டிக் ஒட்டியிருக்கும், பிளக்கை பிடுங்கிட்டு கழட்டி சுரண்டுங்க.

வெடிக்கறதுக்கு வைத்தியம் இதுக்கு நேர் எதிர், அங்க மெதுவா தள்ளணும், பொடிப்பல்லு வேணும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு வேகம் இருக்கு, உங்க மிஷின், உங்க ஷீட்டுக்கு அது எங்க இருக்குன்னு ஒரு வேஸ்ட் துண்டுல வெட்டிப் பாத்தாதான் தெரியும். தண்ணி ஊத்திக்கிட்டே வெட்டினா சூடாகாதுல்லன்னு கேப்பாங்க. கரண்டு மிஷின் பக்கத்துல தண்ணியே வேண்டாம்.

ஜிக்சால வெட்டினா ஷீட் தடதடன்னு குதிக்குது?

மிஷின் பக்கவாட்டுல 0, 1, 2, 3னு ஒரு குமிழ் இருக்கும், பிளேடை முன்னாடி வீசி ஆட்டறதுக்கு. அத 0ல வைங்க. முக்கால்வாசி குதியாட்டம் அதுலயே நின்னுடும். பொடிப்பல்லு பிளேடு, நடு வேகம், மிஷினோட அடித்தட்டு ஷீட்டை விட்டு எழும்பாத மாதிரி நல்லா அமுக்கிப் பிடிங்க, தள்ளறதுக்கு பலம் வேண்டாம். ஜிக்சா பிளேடு மேல போகும்போதுதான் வெட்டும், அதனால மேல்பக்கம்தான் பேந்து வரும், நல்ல முகத்த கீழ போடுங்க. அடித்தட்டுல மாஸ்கிங் டேப் ஒட்டிட்டா ஷீட்டுல கோடு விழாது. நெளி ஷீட்டை குறுக்கே ஜிக்சால வெட்டறது முடியும், ஆனா நேர்க்கோடு கேக்காதீங்க.

ஃபைபர் ஷீட்டுக்கு தனியா ஏதாவது?

மேல சொன்ன உருகற கதை எதுவும் இதுக்கு இல்ல. கிரைண்டர்ல டயமண்ட் வீல் போட்டா வெண்ணெய் மாதிரி போகும். பல்லு பிளேடு போட்டா கண்ணாடி இழை ஒரே நாள்ல பல்ல தின்னுடும். இங்க தொல்லை தூள்தான். அது கண்ணாடி. காத்துல மிதக்கும், கழுத்து, முழங்கை மடிப்புன்னு போய் உக்காந்துக்கிட்டு ரெண்டு நாளைக்கு அரிக்கும். என்95 மாஸ்க், ஓரம் மூடின கண்ணாடி, முழுக்கை சட்டை கண்டிப்பா, காத்து முதுகுப்பக்கத்துலேர்ந்து அடிக்கற மாதிரி நின்னுக்கோங்க. முடிஞ்சதும் பச்சத்தண்ணில கழுவுங்க, தேய்க்காதீங்க, தேய்ச்சா இழை உள்ள ஏறும். அந்த சட்டைய வீட்டுத் துணியோட சேர்த்து துவைக்காதீங்க, வீடே அரிக்கும்.

உள்ள அறை அறையா ஓட்டை இருக்கற மல்டிவால் ஷீட்டை வெட்டினா தூள் உள்ள போயிடுதே?

போகும், தடுக்க முடியாது, வெளிய எடுக்கறதுதான் வழி. வெட்டறப்ப பாலிகார்பனேட்ல நிலைமின்சாரம் ஏறிடும், அதனால தூள் உள்சுவத்துல ஒட்டிக்கிட்டு தட்டினாலும் விழாது. ஒரு பக்கம் வாக்கூம் கிளீனர் வெச்சு உறிஞ்சுங்க, இல்ல கம்ப்ரஸர் காத்து அடிங்க. வாயால ஊதாதீங்க, ஊதினா ஈரம் போய் தூள் அங்கயே படியும், அப்புறம் பாசி. எடுத்த உடனே அன்னைக்கே ஓரத்த டேப் போட்டு அடைங்க, மேல்முனைக்கு முழுசா மூடின அலுமினிய டேப்பு, கீழ்முனைக்கு காத்து போற பொடி ஓட்டை டேப்பு, உள்ள வேர்க்கற தண்ணி கீழ வழியா இறங்கணும்ல. அறைங்க எப்பவும் சரிவோட போக்குல கீழ்நோக்கி இருக்கணும், வெட்டறதுக்கு முன்னாடி இத பாத்துக்கோங்க, திருப்பி வெட்டிட்டா ஒட்டவைக்க வழியில்ல.

4 மிமீ, 6 மிமீ மல்டிவால்னா மிஷினே தேவையில்ல, நல்ல கூர்மையான கட்டர் கத்தி போதும், ரெண்டு மூணு இழுப்பு. 10க்கு மேல சர்குலர் சா.

மேல ஒட்டியிருக்கற பிலிமை வெட்டறதுக்கு முன்னாடி உரிக்கணுமா?

உரிக்காதீங்க. கீறல் விழாம இருக்கறதே அதாலதான். வெட்டி முடிச்சதும் மாட்டறதுக்கு முன்னாடி ஓரத்துல ரெண்டு இன்ச் மட்டும் உரிச்சு மடக்கிக்கோங்க, மாட்டி முடிச்ச அன்னைக்கே மீதிய எடுத்துடுங்க. வெயில்ல வாரக்கணக்குல விட்டா பிலிம் வெந்து ஒட்டிக்கும்.

எந்தப் பக்கம் வெயிலுக்கு இருக்கணும்னு அந்த பிலிம்லதான் எழுதியிருக்கும், வெயில்லேர்ந்து ஷீட்டை காப்பாத்தற யூவி பூச்சு நிறைய ஷீட்ல ஒரு பக்கம்தான். ஷீட்டை நாலா வெட்டினா சில துண்டுல அந்த எழுத்து இல்லாமப் போகலாம். வெட்டறதுக்கு முன்னாடியே ஒவ்வொரு துண்டுலயும் மாஸ்கிங் டேப் ஒட்டி அதுல "மேல்"னு எழுதிடுங்க. இத செய்யாம ஒரு மத்தியானம் முழுக்க ரெண்டு துண்டை திருப்பித் திருப்பி பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன், பார்வைக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்.

அளவு சரியாத்தான் எடுத்தேன், வெட்டினதும் மாறிப்போகுதே?

வெயில்ல கிடந்த ஷீட்டை அளந்திருப்பீங்க. பாலிகார்பனேட் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 0.065 மிமீ நீளும். 3 மீட்டர் ஷீட், 40 டிகிரி வித்தியாசம்னா கிட்டத்தட்ட 8 மிமீ. நிழல்ல போட்டு ஆறவிட்டு அளங்க, ரெண்டு பக்கமும் சுவத்துக்கு முட்ட முட்ட வெட்டாதீங்க, நீள இடம் விடணும். பிவிசிக்கு வெயில்ல வெட்டறது இன்னொரு வகையில கெடுதல், ஏற்கனவே இளகியிருக்கும். ரொம்ப குளிருன்னா அதே பிவிசி பொறை மாதிரி நொறுங்கும், கொஞ்ச நேரம் உள்ள வெச்சிருந்துட்டு வெட்டுங்க.

பைப் போக ஓட்டை, தூண் சுத்தி மூலை வெட்டு?

மூலைதான் கவனம். எல் மாதிரி வெட்டும்போது ரெண்டு கோடும் சேர்ற உள்மூலை கூரா இருந்தா, அடுத்த காத்துக்கோ வெயிலுக்கோ அங்கேர்ந்துதான் விரிசல் கிளம்பும். முதல்ல அந்த மூலையில 6 மிமீக்கு குறையாம ஒரு ஓட்டை போட்டுடுங்க, அப்புறம் ரெண்டு பக்கத்துலேர்ந்தும் வெட்டிட்டு வந்து அந்த ஓட்டையில முடிங்க. கோட்டத் தாண்டி ஒரு மிமீ கூட வெட்டாதீங்க. பைப்புக்கு ஹோல் சா (டிரில்ல மாட்டற வட்ட ரம்பம்), குறைஞ்ச வேகம், அடியில மரக்கட்டை. ஓட்டை பைப்ப விட கொஞ்சம் பெருசாவே இருக்கணும், சந்தை அப்புறம் ரப்பர் காலர் வெச்சு மூடிக்கலாம்.

ஸ்க்ரூ ஓட்டை போடும்போது ஷீட் உடையுது.

சாதா டிரில் பிட் அடிப்பக்கம் வெளிய வர்ற அந்த நொடில திருகி இழுக்கும், அப்பதான் உடையுது. ஸ்டெப் டிரில் பிட் வாங்கிக்கோங்க, கூம்பு மாதிரி படிப்படியா இருக்கும், கொத்தாது. ஓட்டை ஸ்க்ரூவ விட 3 மிமீ பெருசு, மேல சொன்ன நீட்சிக்காக. ஓரத்துலேர்ந்து 4 சென்டிமீட்டராவது தள்ளி. நெளி ஷீட்ல ஓட்டை மேட்டுல போடணும், பள்ளத்துல தண்ணி ஓடும். ரப்பர் வாஷர் லேசா அமுங்கினதும் நிறுத்திடுங்க, இறுக்கிக்கிட்டே போனா மேடு நசுங்கும்.

ஓரத்த உப்புத்தாள் போட்டு தேய்க்கணுமா, யாரும் பாக்கப்போறதில்லயே?

அழகுக்காக இல்ல. ஓரத்துல இருக்கற ஒவ்வொரு சின்ன பல்லும் ஒரு விரிசலோட விதை. பிசிறை கத்தி முதுகால சுரண்டிட்டு 120 நம்பர் உப்புத்தாள ஓரத்தோட போக்குல ரெண்டு இழுப்பு இழுங்க, போதும். விரலால தடவினா தட்டாம போகணும், அவ்வளவுதான். துடைக்கறதுக்கு சோப்புத்தண்ணி மட்டும். தின்னர், பெட்ரோல், அசிட்டோன் எதுவும் பாலிகார்பனேட் கிட்ட போகக்கூடாது, பொடிப்பொடியா விரிசல் விட்டு வெளுத்துடும்.

ஏற்கனவே விரிசல் விட்டாச்சு, தூக்கிப்போடறதா?

விரிசல் முடியற நுனிய கண்டுபிடிச்சு அங்க 5 மிமீ ஓட்டை ஒண்ணு போட்டா அதுக்கு மேல ஓடாது. அந்த இடம் அடுத்த ஷீட்டுக்கு அடியில மறையற இடமா இருந்தா அப்படியே மாட்டிடலாம். நடுவுலன்னா, சீலன்ட் அப்பி வைக்கறது ஒரு மழைக்குத்தான், அந்த ஷீட்டை குட்டையான இடத்துக்கு வெட்டி உபயோகப்படுத்துங்க.

மேல மாட்டிட்டு அங்கயே நின்னு ஓரத்த வெட்டிடலாமா? எல்லாரும் அப்படித்தானே பண்றாங்க?

பண்றாங்க. ஆனா பிளாஸ்டிக் ஷீட் ஆள் கனத்த தாங்கறதுக்கு இல்ல, நேத்து தாங்கின ஷீட் வெயில்ல நாள்பட்டதுக்கப்புறம் காலு வெச்சதும் போயிடும். கூரை ஷீட் உடைஞ்சு கீழ விழுந்து உயிர் போன கதைங்க கட்டட வேலையில நிறைய. மேல வெச்சு கோடு மட்டும் போடுங்க, இறக்கி கீழ வெட்டுங்க. மேல போகணும்னா அடிச்சட்டத்து மேல பலகை போட்டு அது மேல நில்லுங்க.

கையுறை போடணுமா?

ஷீட் தூக்கும்போது போடுங்க, ஓரம் கத்தி மாதிரி இருக்கும். மிஷின் ஓட்டும்போது லொடலொடன்னு இருக்கற துணிக் கையுறைய கழட்டிடுங்க, பிளேடு நூல பிடிச்சா கையோட இழுக்கும். கண்ணாடி எப்பவும். காதுக்கும் ஏதாவது, நெளி ஷீட் வெட்டற சத்தம் தகரத்துக்கு சளச்சதில்ல.

பக்கத்துல பழைய சிமெண்ட் ஷீட் இருக்கு, அதையும் இதே பிளேடுல கொஞ்சம் வெட்டிக்கலாமா?

வேண்டாம். பழைய சிமெண்ட் ஷீட்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம், மிஷின் வெச்சா அந்த இழை முழுக்க காத்துல, நுரையீரல் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோய் விடும். அத தொடறதுக்குன்னு பயிற்சி உள்ள ஆளுங்க இருக்காங்க.

வெட்டினதுல மிஞ்சின துண்டுங்கள என்ன பண்றது?

எரிக்காதீங்க, பிவிசி புகைய பத்தி மேலயே சொல்லிட்டேன். ஒரு ஜாணுக்கு மேல இருக்கற துண்டெல்லாம் நான் எடுத்து வெச்சுடுவேன், அடுத்த தடவ அதே நெளி ஷீட்டை வெட்டும்போது அடியில முட்டு குடுக்க அதுதான் வேணும்.